சமூகப் பணியைக் கற்பித்த ஒரு தமிழர்



திருவட்டாறு பக்கத்தில் ரப்பர் பால் வெட்டும் ஒருவருக்குக் காசநோய் என்று வைத்துக்கொள்வோம். ஆறு மாதமாவது மருந்து சாப்பிட வேண்டும். மழை வந்தால் பால்வெட்டு இல்லை. கையில் பஸ் காசும் இல்லை. சிகிச்சை நடுவில் நின்றுபோகிறது. வைத்தியர் மருந்து எழுதுவார். வீட்டு நிலைமையை விசாரிப்பது யார்? அதற்குத்தான் மருத்துவ சமூகப் பணியாளர்.

1936-ல் அமெரிக்க மிஷனெரி கிளிஃபோர்டு மேன்ஷார்ட் பம்பாயில் இந்தியாவின் முதல் சமூகப் பணிப் பள்ளியைத் தொடங்கினார். 1941-ல் அவருக்குப் பின் இயக்குநரானவர், ஜே. சி. குமரப்பாவின் சகோதரரான டாக்டர் ஜே. எம். குமரப்பா. தஞ்சாவூர்த் தமிழ்க் கிறிஸ்தவக் குடும்பத்தார். 1944-ல் அப்பள்ளி டாடா சமூக விஞ்ஞானக் கழகம் ஆயிற்று.

அவர் ஆராய்ந்தவற்றுள் முக்கியமானது பிச்சையெடுப்போர் பிரச்சினை. 1945-ல் அதுபற்றி ஒரு கட்டுரைத் தொகுப்பைப் பதிப்பித்தார். நோயாளி, ஊனமுற்றவர், முதியவர், வேலையற்றவர் ஆகிய எல்லாருக்கும் ஒரே மருந்து உதவாது. காரணத்தை அறிந்தே உதவ வேண்டும் என்பதே இத்துறையின் பாடம். 1946-ல் பம்பாய் ஜே.ஜே. மருத்துவமனையில் நாட்டின் முதல் மருத்துவ சமூகப் பணியாளர் நியமிக்கப்பட்டார். 1952-ல் குமரப்பா மாநிலங்களவைக்கு நியமனம் பெற்றார்.

கட்டிலுக்கும் கருவிக்கும் கொடுக்க மனம் வருகிறது. பஸ் காசுக்கும் வீடு சந்திப்புக்கும் அவ்வளவு எளிதில் வருவதில்லை. நல்ல சமாரியனோ காயம் கட்டியதோடு நிற்காமல், சத்திரத்துச் செலவையும் கொடுத்தான்.