மேட்ச்: வெளிநாட்டு மருத்துவருக்குக் கதவு எங்கே சாத்தப்படுகிறது?

சென்னையில் எம்.பி.பி.எஸ். முடித்து, எம்.டி.யும் வாங்கி, பத்து ஆண்டு வார்டில் நின்றவராக இருந்தாலும், அமெரிக்காவில் மருத்துவம் பார்க்கப் பெரும்பாலும் மறுபடி முதல் படியிலிருந்துதான் ஏற வேண்டும். அந்தப் படிக்குப் பெயர் ரெசிடென்சி. பொது மருத்துவம் என்றால் மூன்று ஆண்டு. இந்த இடங்களில் பெரும்பாலானவற்றைப் பங்கிடும் ஏற்பாடுதான் ‘மேட்ச்’. என்.ஆர்.எம்.பி. என்ற தனியார் அமைப்பு 1952 முதல் இதை நடத்துகிறது. மார்ச் மாதத்தில் ஒரு திங்கட்கிழமை ‘இடம் கிடைத்ததா இல்லையா’ என்பது மட்டும் தெரியும். எந்த ஊர், எந்த மருத்துவமனை என்பது வெள்ளிக்கிழமைதான் தெரியும்.

2025இல் 43,237 இடங்களுக்கு 52,498 பேர் பதிவு செய்தார்கள். அமெரிக்க மருத்துவக் கல்லூரிகளின் இறுதியாண்டு எம்.டி. மாணவர்களில் 93.5 சதவீதம் பேருக்கு இடம் கிடைத்தது. வெளிநாட்டில் படித்த, அமெரிக்கக் குடியுரிமை இல்லாத மருத்துவர்களில் கிடைத்தது 58 சதவீதம் பேருக்கு. வெளிநாட்டில் படித்துவிட்டு வந்த அமெரிக்கக் குடிமக்களின் நிலை இரண்டுக்கும் நடுவே: 67.8 சதவீதம்.

இவ்வளவு இடைவெளி என்றதும் பலரும் சந்தேகிப்பது கணினியைத்தான். ஆனால் கணினிக்கு இதில் பங்கே இல்லை.

1940களில் அமெரிக்க மருத்துவமனைகள் ஒன்றையொன்று முந்திக்கொண்டு, மாணவர்கள் பட்டம் பெறுவதற்கு இரண்டு ஆண்டுக்கு முன்பே ஆள் பிடித்துக்கொண்டிருந்தன. ‘உடனே பதில் சொல், இல்லாவிட்டால் அடுத்தவருக்கு’ என்ற நெருக்கடிக்கு முடிவு கட்டத்தான் மேட்ச் வந்தது. விண்ணப்பதாரர் தான் நேர்காணலுக்குப் போன மருத்துவமனைகளை விருப்ப வரிசையில் எழுதுவார். மருத்துவமனையும் தான் பார்த்த ஆட்களை வரிசைப்படுத்தும். இரண்டையும் பொருத்துவது கணினியின் வேலை. டேவிட் கேலும் லாயிட் ஷாப்லியும் 1962இல் எழுதிய கணிதக் கட்டுரை விவரித்த முறையில்தான் இது இயங்குகிறது. இப்போதுள்ள வடிவத்தை ஆல்வின் ராத், எலியட் பெரன்சன் இருவரும் அமைத்தார்கள்; 1998 முதல் நடைமுறையில் இருக்கிறது. 2012இல் ராத்துக்கும் ஷாப்லிக்கும் பொருளியல் நோபல் பரிசு கிடைத்தது.

இந்த முறை விண்ணப்பதாரர் பக்கம் சாய்ந்தது. அவர் முதலில் எழுதிய மருத்துவமனையைத்தான் கணினி முதலில் முயன்று பார்க்கும். ஆகவே ‘அவர்கள் என்னை விரும்புவார்களா’ என்று கணக்குப் போட்டுப் பட்டியலை மாற்றி எழுதுவது வீண். மனதில் உள்ளபடி எழுதுவதே லாபம். யார் எந்த நாட்டில் படித்தார் என்று கணினி கேட்பதும் இல்லை.

கணினி கேட்காததை மருத்துவமனைகள் கேட்கின்றன, அதுவும் மேட்ச் தொடங்குவதற்கு வெகு முன்பே. விண்ணப்பங்கள் செப்டம்பரில் போய்ச் சேரும். ஓர் ஊரில் ஏழெட்டு இடங்களுக்கு ஆயிரக்கணக்கில் வந்து குவியும்போது எல்லாவற்றையும் யாரும் படிப்பதில்லை, வடிகட்டி போடுகிறார்கள். பட்டம் பெற்று ஐந்து ஆண்டுக்கு மேலாகிவிட்டதா? நீக்கு. விசா தேவைப்படுகிறதா? நீக்கு. அமெரிக்க மருத்துவமனையில் கொஞ்சமாவது வேலை பார்த்த அனுபவம் இல்லையா? நீக்கு. நேர்காணல் அழைப்பு வராத மருத்துவமனையைப் பட்டியலில் எழுதிப் பயனில்லை. பன்னிரண்டு நேர்காணல் கண்டவரும் இரண்டே இரண்டு கண்டவரும் ஒரே நிரலுக்குள் நுழைகிறார்கள். நிரல் இருவரையும் சமமாகவே நடத்துகிறது என்பது உண்மைதான், ஆனால் இரண்டு மட்டும் கண்டவருக்கு அதனால் என்ன ஆறுதல்?

அமெரிக்க மருத்துவ உரிமத்துக்கான யு.எஸ்.எம்.எல்.இ. தேர்வின் முதல் கட்டம் 2022 ஜனவரி முதல் வெறும் தேர்ச்சி, தோல்வி என்றாகிவிட்டது. மாணவர்களின் மன அழுத்தம் குறையட்டும் என்ற நல்லெண்ணம் அதன் பின்னால் இருந்தது. மறுபக்கம், பெயர் தெரியாத கல்லூரியில் படித்த மதுரைக்காரரோ யாழ்ப்பாணத்தவரோ தன் திறமையைக் காட்ட வைத்திருந்த ஓர் எண் காணாமல் போயிற்று. இப்போது எல்லாப் பாரமும் இரண்டாம் கட்டமான ஸ்டெப் 2 மதிப்பெண் மீது. அதைத் தவிர, அழைப்பு வருமா வராதா என்று தெரியாததால் நூறு இடங்களுக்கு விண்ணப்பிக்கிறார்கள். 2025 பருவத்தில் முதல் 30 விண்ணப்பங்களுக்குத் தலா 11 டாலர், அதற்கு மேல் தலா 30 டாலர். ஒரே துறையில் நூறு என்றால் 2,430 டாலர். நம் பணத்தில் ஏறக்குறைய இரண்டு லட்சம்.

முன்பு ஒரு பக்கவாசல் இருந்தது. அமெரிக்க எம்.டி. மாணவர்கள் மேட்ச் வழியாகத்தான் போக வேண்டும். வெளிநாட்டு மருத்துவர்களையோ மருத்துவமனைகள் முன்கூட்டியே ஒப்பந்தம் போட்டு எடுத்துக்கொள்ளலாம். ‘ப்ரீமேட்ச்’ என்பார்கள். சிறிய நகர மருத்துவமனைகள் நல்ல ஆள் கைநழுவாமலிருக்க இப்படிச் செய்தன. மார்ச் வரை காத்திருக்கும் பதற்றம் இல்லை என்பதால் வெளிநாட்டவருக்கும் அது பிடித்திருந்தது. அதேசமயம், நவம்பரில் நீட்டப்படும் ஒப்பந்தத்தை மறுக்கும் துணிச்சல் எத்தனை பேருக்கு வரும்? 2013இல் ‘ஆல் இன்’ என்ற விதி வந்தது: மேட்சில் சேரும் மருத்துவமனைப் பிரிவு தன் எல்லா இடங்களையும் மேட்சிலேயே வைக்க வேண்டும், இல்லையேல் முழுக்க வெளியே நிற்க வேண்டும். அந்த ஆண்டே, குடியுரிமை இல்லாத வெளிநாட்டு மருத்துவர்களின் வெற்றி விகிதம் 40.6இலிருந்து 47.6 சதவீதமாக உயர்ந்தது. இதை முன்னேற்றம் என்று சொல்வதற்கு முன் யோசிக்க வேண்டும். முன்பு வெளியே ஒப்பந்தம் போட்டவர்கள் கணக்கிலேயே இல்லை. இப்போது அவர்களும் அவர்களுடைய இடங்களும் உள்ளே வந்துவிட்டன. விகிதம் ஏறியதில் ஒரு பகுதி கணக்கு மாறியதால் வந்தது.

மேட்சில் சம்பளம் பேச முடியாது, கிடைத்த இடத்தை மறுக்கவும் முடியாது என்பதை எதிர்த்து 2002இல் சில அமெரிக்க மருத்துவர்கள் ஏகபோகத் தடைச் சட்டத்தின் கீழ் வழக்குப் போட்டார்கள். 2004இல் அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸ், ஓய்வூதிய நிதி பற்றிய ஒரு சட்டத்துக்குள் மேட்சுக்கு விலக்கு அளிக்கும் பிரிவைச் சேர்த்தது. வழக்கு அத்தோடு விழுந்தது.

இத்தனைக்கும் அமெரிக்காவுக்கு வெளிநாட்டு மருத்துவர்கள் தேவை. 2025இல் முதலாண்டு இடங்கள் 40,000க்கு மேல். உள்நாட்டு இறுதியாண்டு மாணவர்கள் 29,000 பேர்கூட இல்லை. பொது மருத்துவம், குடும்ப மருத்துவம், குழந்தை மருத்துவம், நோய்க்குறியியல் ஆகிய துறைகளில் இருக்கும் இடைவெளியை நிரப்புகிறவர்கள் பெரும்பாலும் வெளியிலிருந்து வருகிறவர்கள். தோல் மருத்துவம், எலும்பு அறுவை சிகிச்சை ஆகியவற்றில் அவர்களைக் காண்பது அரிது. அமெரிக்க மருத்துவர்களில் நான்கில் ஒருவர் வெளிநாட்டில் படித்தவர். அவர்களில் இந்தியாவில் படித்தவர்களே மிகப் பெரிய கூட்டம்.

மேட்சில் வென்ற பிறகு விசா. பெரும்பாலோருக்குக் கிடைப்பது ஜே-1. அதற்கு இந்தியர்கள் டெல்லியில் உள்ள சுகாதார அமைச்சகத்திடமிருந்து ‘தேவைச் சான்று’ வாங்க வேண்டும். பயிற்சி முடிந்ததும் இரண்டு ஆண்டு தாய்நாடு திரும்ப வேண்டும் என்பது அதன் நிபந்தனை. அதிலிருந்து விலகப் பலரும் நாடுவது கான்ராட் 30 திட்டம்: மருத்துவர் பற்றாக்குறை உள்ள பகுதியில் மூன்று ஆண்டு வேலை செய்தால் நிபந்தனை தள்ளுபடி. மாநிலத்துக்கு ஆண்டுக்கு 30 பேர்தான். கலிஃபோர்னியாவுக்கும் 30, வயோமிங்குக்கும் 30.

மார்ச் நடுவில் முடிவு வருகிறது, ஜூலை 1 அன்று பணியில் சேர வேண்டும். 2025 மே கடைசியில் அமெரிக்க அரசு ஜே-1 உள்ளிட்ட விசாக்களுக்குப் புதிய நேர்காணல் நேரம் ஒதுக்குவதை மூன்று வாரம் போல நிறுத்தி வைத்தது. இடம் கையில் இருந்தும் விமானம் ஏற முடியாமல் தவித்தவர்கள் பலர். ஜே-1 வேண்டாமென்று எச்-1பி என்ற வேலை விசா கேட்கலாம். அதற்கு ஸ்டெப் 3 தேர்வையும் முன்பே முடித்திருக்க வேண்டும். 2025 செப்டம்பரில் வெளிநாட்டிலிருந்து வருவோருக்கான புதிய எச்-1பி மனுவுக்கு ஒரு லட்சம் டாலர் கட்டணம் அறிவிக்கப்பட்டது. முதலாண்டு ரெசிடென்ட்டின் ஆண்டுச் சம்பளமே அந்த அளவுக்கு இருக்காது.

ஆள் பற்றாக்குறையால் டென்னசி மாநிலம் 2023இல் ஒரு சட்டம் இயற்றியது. வெளிநாட்டில் பயிற்சி முடித்த மருத்துவர் அமெரிக்க ரெசிடென்சி இல்லாமலேயே மேற்பார்வையின் கீழ் தற்காலிக உரிமம் பெறலாம். வேறு சில மாநிலங்களும் அதே வழியில் போகின்றன. ஆனால் சிறப்புத் துறைச் சான்றிதழ் தரும் வாரியங்களில் பெரும்பாலானவை ரெசிடென்சியை இன்னும் கட்டாயமாகக் கேட்கின்றன. அந்தச் சான்றிதழ் இல்லாதவரை வேலைக்கு எடுக்கப் பல மருத்துவமனைகள் தயங்குகின்றன.