வேகத்திற்கா, வலுவிற்கா?

கோடை விடுமுறை நெருங்குகிறது என்றால் நம் சங்கத்துக் குடும்பங்களில் ஊர்ப் பயணத்தைப் பற்றிய பேச்சு எழுந்துவிடும். முன்பெல்லாம் அப்பேச்சு ரயில் டிக்கெட்டோடு முடிந்தது. சொந்த மோட்டார் வண்டியிலேயே போய் வரலாமா என்ற கேள்வியும் பிற்பாடு அதனுடன் சேர்ந்துகொண்டது. வண்டி வைத்திருப்போரிடையே மூன்றாவதாக ஒரு கேள்வியும் உண்டு. இருக்கும் வண்டியைக் கொடுத்துவிட்டு, இன்னும் சற்றுத் துடிப்பான வண்டியாக எடுத்தால் என்ன என்பதே அது. அண்மையில் அக்கேள்விக்கு நம் வீட்டில் விடை காண வேண்டியிருந்தது. அப்போது நாம் பார்த்த கணக்குகள் பிற குடும்பங்களுக்கும் பயன்படலாம் என்று கருதி இங்கே எழுதுகிறோம்.

நாம் நாகபுரியில் ரயில்வே எழுத்தராகப் பணிபுரிகிறோம். கையில் பாஸ் இருக்கும்போது சாலைவழிப் பயணம் எதற்கு என்று கேட்போர் பலர். ரயிலின் சுகத்தை நாம் குறைத்துச் சொல்ல மாட்டோம். ஆனால் நம் தாயார் கோவில்பட்டிக்கு அருகே ஒரு சிற்றூரில் வசிக்கிறார். முழங்கால் வலியினால் ரயில் பெட்டியின் படிகளில் ஏறுவது அவருக்கு இயலாததாகிவிட்டது. ஆண்டில் சில மாதங்கள் நம்முடனும் மீதி மாதங்கள் ஊரிலுமாக அவர் இருப்பதால், அழைத்து வரவும் கொண்டுபோய் விடவும் வண்டி தேவைப்படுகிறது. நாகபுரியிலிருந்து ஐதராபாத், கர்நூல், பெங்களூர், சேலம், மதுரை வழியாகக் கோவில்பட்டி வரை 44-ஆம் எண் தேசிய நெடுஞ்சாலை ஒன்றே செல்கிறது. ஏறக்குறைய 1,600 கிலோமீட்டர். நடுவில் ஓர் இரவு தங்கிப் போகிறோம்.

நம்மிடம் இருந்தது மாருதி நிறுவனத்தின் விட்டாரா ப்ரெஸ்ஸா. 2016 மார்ச்சில் டீசல் எஞ்சினுடன் வெளிவந்த இவ்வண்டி, 2020-இல் 1,462 கன சென்டிமீட்டர் பெட்ரோல் எஞ்சினுக்கு மாறியது. நம்முடையது அந்தப் பெட்ரோல் வகை. அதை விற்றுவிட்டு நாம் எடுத்திருப்பது மஹிந்திரா நிறுவனத்தின் எக்ஸ்.யூ.வி. 3எக்ஸ்.ஓ. 2019-இல் வந்த எக்ஸ்.யூ.வி. 300 என்ற வண்டியைத் திருத்தியமைத்து 2024 ஏப்ரலில் இதை வெளியிட்டார்கள். இதில் இரண்டு டர்போ பெட்ரோல் எஞ்சின்கள் உண்டு. வலு மிகுந்ததை நாம் தேர்ந்துகொண்டோம். இந்நிறுவனத்தின் பெரிய ஆராய்ச்சி நிலையம் செங்கற்பட்டை அடுத்து இருக்கிறது என்று சொன்னதும், "அப்படியானால் நம்மூர் வண்டிதான்" என்று தாயார் உடனே ஒப்புதல் தந்துவிட்டார்.

மனைவியின் ஒப்புதல் அவ்வளவு எளிதில் கிடைக்கவில்லை. இருக்கும் வண்டி நன்றாகத்தானே ஓடுகிறது என்று தொடங்கி, மூன்று கேள்விகளை முன்வைத்தார். கூடுதல் வலு எதற்குப் பயன்படும்? அதற்காக நாம் இழப்பது என்ன? நாளை மாற்றல் உத்தரவு வந்தால் வண்டியின் கதி என்ன? பெண்மக்கள் கேட்கும் இத்தகைய கேள்விகளுக்கு விற்பனையாளரின் அச்சுப் புத்தகத்தில் விடை இராது. ஆகவே ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

பழைய வண்டியின் எஞ்சின் 105 குதிரைத் திறன் கொண்டது. புதியதன் எஞ்சின் 130. இந்த எண்களைக் காட்டிலும் இழுவிசைதான் முக்கியம். பழையதில் மிகுதியான இழுவிசை 138 நியூட்டன் மீட்டர். அதுவும் எஞ்சின் நிமிடத்திற்கு 4,400 முறை சுழலும்போதுதான் கிடைக்கும். புதியதில் 230 நியூட்டன் மீட்டர். அது 1,500 சுழற்சியிலேயே கிடைத்துவிடுகிறது. புதிய எஞ்சின் பழையதைவிடச் சிறியது. 1,197 கன சென்டிமீட்டர்தான். சிறிய எஞ்சின் பெரியதை எவ்வாறு மிஞ்சுகிறது? டர்போ என்பது ஒரு காற்றுச் சுழலி. வீணாக வெளியேறும் புகையின் வேகத்தால் அது சுழன்று, வெளிக்காற்றை அமுக்கி எஞ்சினுக்குள் செலுத்துகிறது. காற்று மிகுந்தால் அதற்கேற்பப் பெட்ரோலும் மிகுதியாக எரியும். உலைக்குத் துருத்தி ஊதுவதைப் போன்றது இது.

இதன் பயன் தாயாரின் ஊருக்குப் போகும் இருவழிச் சாலையில் தெரிகிறது. ஐந்து பேரும் மூட்டைகளும் ஏறிய வண்டியில், முன்னே ஊர்ந்து செல்லும் லாரியைக் கடக்க வேண்டும். பழைய வண்டியில் இரண்டு கியர் தாழ்த்தி, எஞ்சின் இரைய இரைய முந்தினோம். அவ்வாறு முந்தும்போதெல்லாம் பின்னிருக்கையில் தாயார் கைப்பிடியை இறுகப் பற்றிக்கொள்வார். கடக்கும் வேலை பத்து நொடிக்குப் பதிலாக எட்டு நொடியில் முடிகிறது என்று வைத்துக்கொள்வோம். எதிரே மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் வரும் பேருந்து, மிச்சமான அந்த இரண்டு நொடியில் 33 மீட்டர் கடக்கக்கூடியது. அந்த 33 மீட்டர் நமக்கும் அதற்கும் இடையே கூடுதலாக நிற்கிறது. வலு மிகுந்த வண்டிக்கு ஒரு குடும்பஸ்தன் பணம் கொடுப்பது நியாயம் என்றால், அது இந்த இடைவெளிக்காகத்தான்.

வேகத்திற்காகக் கொடுப்பதில் அத்தகைய நியாயம் இல்லை. நூறு கிலோமீட்டரை 80 வேகத்தில் கடக்க 75 நிமிடம் ஆகும். 100 வேகத்தில் 60 நிமிடம். கிடைப்பது கால் மணி நேரம். அதற்குக் கொடுக்கும் விலையைக் கேளுங்கள். வேகம் 80-இலிருந்து 100 ஆகும்போது காற்றின் எதிர்ப்பு ஒன்றரை மடங்குக்கு மேல் ஆகிறது. பிரேக் மிதித்தபின் வண்டி நிற்க வேண்டிய தொலைவும் அதே அளவில் வளர்கிறது. டர்போ எவ்வளவு ஊதினாலும் இக்கணக்கு மாறாது. நடுவே தடுப்புள்ள நான்குவழிச் சாலையில் கார்களுக்கு 2018-இல் மத்திய அரசு வகுத்த உச்ச வரம்பே மணிக்கு 100 கிலோமீட்டர்தான். தருமபுரிக்கும் சேலத்திற்கும் இடையே தொப்பூர்க் கணவாயில் எத்தனையோ விபத்துக்கள் நடந்திருக்கின்றன. அவ்விறக்கத்தில் 230 நியூட்டன் மீட்டர் உதவாது. தாழ்ந்த கியரும் பொறுமையும்தான் உதவும்.

இனி இரண்டாவது கேள்வி. முதல் இழப்பு பெட்ரோல். டர்போ வண்டி மென்மையாக ஓட்டினால் சிக்கனமாக இருக்கும்; காலை அழுத்தினால் தயங்காமல் குடிக்கும். லிட்டருக்கு 17 கிலோமீட்டர் தரக்கூடிய வண்டியை 13 தரும்படி ஓட்டுகிறோம் என்று கொள்வோம். போக வர 3,200 கிலோமீட்டருக்கு 58 லிட்டர் கூடுதலாகச் செலவாகும். லிட்டர் 100 ரூபாய் என்றாலும் 5,800 ரூபாய். ஒரு குழந்தையின் பள்ளிப் புத்தகமும் சீருடையும் அதில் அடங்கிவிடும்.

இரண்டாவது இழப்பு இடம். ப்ரெஸ்ஸாவின் டிக்கி 328 லிட்டர் கொள்ளும். புதிய வண்டியில் முன் சக்கரத்திற்கும் பின் சக்கரத்திற்கும் இடையே 100 மில்லிமீட்டர் கூடுதல். அதனால் பின்னிருக்கையில் கால் நீட்ட இடம் தாராளம். ஆனால் டிக்கியில் பெட்டிகளை அடுக்கும் இடம் சுருங்கிவிட்டது. ஊரிலிருந்து திரும்பும்போது நல்லெண்ணெய் டின்னும், கருப்பட்டியும், கோவில்பட்டிக் கடலைமிட்டாயும் சேரும் என்பதை விற்பனை நிலையத்தில் யாரும் நினைவூட்டுவதில்லை. மூன்றாவது இழப்பு சக்கரத்தில் நேரக்கூடியது. விலை மிகுந்த வகைகளில் 17 அங்குலச் சக்கரம் வருகிறது, பார்வைக்கு அழகு. நம் மகன் அதைத்தான் கேட்டான். ஆனால் அதன் டயரின் பக்கச் சுவர் 118 மில்லிமீட்டர்தான்; பழைய வண்டியின் 16 அங்குலச் சக்கரத்தில் அது 129. பள்ளத்தில் விழும்போது அடியைத் தாங்குவது அந்தச் சுவரே. டயரின் விலையும் சக்கரத்தோடு ஏறுகிறது. ஆகவே 16 அங்குலச் சக்கரம் உள்ள வகையையே எடுத்தோம்.

ஈடு செய்பவையும் உண்டு. நான்கு மீட்டருக்குக் குறைந்த நீளமும் 1,200 கன சென்டிமீட்டருக்கு மேற்படாத பெட்ரோல் எஞ்சினும் உள்ள வண்டிக்கு 2025 செப்டம்பர் 22 முதல் ஜி.எஸ்.டி. வரி 18 சதவீதம். ப்ரெஸ்ஸா நீளத்தில் தேறினாலும் எஞ்சின் அளவில் தேறாததால் 40 சதவீத வரிக்குள் வருகிறது. வலு மிகுந்த வண்டிக்கு வரி குறைவு என்பது விந்தைதான். மேலும் 2024-இல் பாரத் என்.சி.ஏ.பி. மோதல் சோதனையில் 3எக்ஸ்.ஓ. ஐந்து நட்சத்திரம் பெற்றது. பழைய டீசல் ப்ரெஸ்ஸா 2018-இல் குளோபல் என்.சி.ஏ.பி. சோதனையில் நான்கு நட்சத்திரம் பெற்றிருந்தது. இரண்டும் வெவ்வேறு சோதனைகள்; நேருக்கு நேர் ஒப்பிடல் முறையன்று. எனினும் குடும்பத்தோடு போகிறவர் வலுவைப் பார்க்கும் முன் இதைப் பார்க்க வேண்டும்.

மூன்றாவது கேள்வி நம்மைப் போன்று வேற்று மாநிலத்தில் பிழைப்போருக்கே உரியது. ஒரு மாநிலத்தில் பதிவான வண்டியை வேறொரு மாநிலத்தில் 12 மாதத்திற்கு மேல் வைத்திருந்தால், அங்கே புதிய பதிவெண் பெற வேண்டும் என்பது மோட்டார் வாகனச் சட்டத்தின் 47-ஆம் பிரிவு. புது மாநிலத்தில் மறுபடி வரி கட்டிவிட்டு, பழைய மாநிலத்தில் கட்டிய வரியைத் திரும்பப் பெற அலைய வேண்டியிருக்கும். இதற்குப் பரிகாரமாக 2021-இல் வந்தது 'பி.எச்.' எனப்படும் பாரத் வரிசைப் பதிவு. மத்திய, மாநில அரசு ஊழியர், பொதுத்துறையினர், நான்கு அல்லது அதற்கு மேற்பட்ட மாநிலங்களில் அலுவலகம் உள்ள தனியார் நிறுவனத்தினர் ஆகியோர் இதற்குத் தகுதியுடையவர். வரியை இரண்டிரண்டு ஆண்டாகக் கட்டிவரலாம். மாற்றலானால் பதிவெண்ணை மாற்ற வேண்டியதில்லை. வண்டி மாற்றும் வேளையே இதற்கு ஏற்ற வேளை. நாமும் அவ்வாறே செய்தோம்.

பழைய வண்டியை விற்றபின், பதிவேட்டில் பெயர் மாறிவிட்டதா என்பதையும் பார்த்துவிடுங்கள். பெயர் மாறாதவரை, யாரோ செய்யும் விபத்துக்கு விளக்கம் கேட்டு வரும் கடிதம் நம் வீட்டுக் கதவைத்தான் தட்டும்.

இவ்வளவுக்கும் பிறகு மனைவி ஒரு கோடு கிழித்தார். தவணை, காப்பீடு, பெட்ரோல் மூன்றும் சேர்ந்து மாதச் சம்பளத்தில் ஐந்தில் ஒரு பங்கைத் தாண்டலாகாது. பழைய வண்டி விற்ற பணம் முழுவதையும் முன்பணமாகக் கட்டியதால்தான் அக்கோட்டுக்குள் நிற்க முடிந்தது. நிற்க முடியாதிருந்தால் ப்ரெஸ்ஸாவையே இன்னும் ஐந்தாண்டு ஓட்டியிருப்போம். அதில் குறையொன்றும் இல்லை. ஊருக்குள்ளேயே ஓட்டுவோருக்கும், பழுது பார்க்கும் நிலையம் சிற்றூர்களிலும் பக்கத்தில் இருக்க வேண்டும் என்போருக்கும் அதுவே ஏற்றது.

மாற்றத்தான் வேண்டும் என்போருக்கு ஒரு சொல். சோதனை ஓட்டத்திற்குத் தனியே போகாதீர்கள். வீட்டிலுள்ள எல்லோரையும் ஏற்றிக்கொண்டு, இரண்டு பெட்டிகளையும் வைத்துக்கொண்டு போங்கள். மேடும் பள்ளமும் உள்ள சாலையில் ஓட்டிப் பாருங்கள். பெரியவர்களைப் பின்னிருக்கையில் ஏறி இறங்கச் சொல்லிப் பாருங்கள். வண்டியின் வலு சேமநிதியைப் போன்றது. தேவை வந்தபோது கைகொடுக்க வேண்டும், அன்றாடம் எடுத்துச் செலவழிக்கலாகாது. பொங்கலுக்கு ஊர் போய்த் திரும்பியபோது தாயாரிடம் வண்டி எப்படி என்று கேட்டோம். "வேகமாகப் போனமாதிரியே தெரியலையே" என்றார். பின்னிருக்கைக் கைப்பிடியை அவர் பற்றவே இல்லை.