வே ரெபோ: மலைமேல் ஏழு வீடுகள்

இந்தோனேசியாவின் புளோரஸ் தீவில், கடல் மட்டத்துக்கு 1,100 மீட்டருக்கும் மேலே இருக்கிறது வே ரெபோ. காட்டு வழியே நடந்துதான் ஏற வேண்டும். மங்காராய் மக்களின் இந்த ஊரில் கூம்பு வடிவப் பெரிய வீடுகள் ஏழே ஏழு. கூரை தரைவரை இறங்கியிருக்கும். உள்ளே ஐந்து தளங்கள்: கீழே பல குடும்பங்கள் சேர்ந்து வாழும், அதற்கு மேல் உணவுப்பொருள், பிறகு விதை, அதற்கும் மேல் வறட்சிக்கால இருப்பு, உச்சியில் முன்னோருக்குப் படையல். எவ்வளவு தீர்க்கமான திட்டம்! சிதைந்த வீடுகளை ஊராரும் கட்டடக் கலைஞர்களும் சேர்ந்து மீட்டார்கள். 2012இல் யுனெஸ்கோவின் ஆசிய பசிபிக் பாரம்பரிய விருது கிடைத்தது. இதே தீவின் ருத்தெங் நகருக்கு அருகே மங்காராய் மக்களின் வயல்கள் சிலந்தி வலைபோல விரிகின்றன. நடுப்புள்ளியிலிருந்து பிரித்து, குடும்பத்துக்கு ஒரு பங்கு.