சாயம் ஏற்றாமலே காலின் ரத்தக்குழாய் படத்தில் விழும்... தெரியுமா?

ஊசி குத்தாமல், ஒரு சொட்டு மருந்துகூட ஏற்றாமல், அடிவயிற்றிலிருந்து பாதம் வரை ஓடும் தமனிகளை எம்.ஆர்.ஐ. படம் பிடித்துவிடும், தெரியுமா? சாயத்தின் வேலையைச் செய்வது உங்கள் ரத்தமேதான்!

ரத்தக்குழாயைப் படமெடுக்கும் ஆசை பழைய ஆசை. ரான்ட்ஜென் எக்ஸ்ரேயைக் கண்டுபிடித்தது 1895 நவம்பரில். அடுத்த ஜனவரியிலேயே வியன்னாவில் ஹாஷெக், லிண்டென்தால் என்ற இருவர், உயிரற்ற ஒரு கைக்குள் சுண்ணாம்பும் சாதிலிங்கமும் கலந்த குழம்பைச் செலுத்தி ரத்தக்குழாய்களைப் படமெடுத்துவிட்டார்கள். ஆமாம், நம் சித்த மருந்துகளில் சேருகிற அதே சாதிலிங்கம்! உயிருள்ளவருக்கு அதை ஏற்ற முடியுமா என்ன?

எம்.ஆர்.ஐ. வந்த பிறகு காடோலினியம் என்ற சாய ஊசி வந்தது. குழாய்கள் பளிச்சென்று தெரிந்தன. 2006-இல் அதிர்ச்சி! சிறுநீரகம் மிகவும் பழுதானவர்கள் சிலருக்குத் தோல் தடித்து இறுகி, மூட்டுகள் மடங்காமல் போனதே, அதற்கும் இந்த ஊசிக்கும் தொடர்பு இருக்கலாம் என்றார் ஆஸ்திரிய மருத்துவர் குரோப்னர். மறு ஆண்டே அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. கடும் எச்சரிக்கை விடுத்தது. (இப்போதைய புது ரக காடோலினியத்தில் அந்த ஆபத்து மிகக் குறைவு, வீண் பீதி வேண்டாம்.) கொடுமை என்னவென்றால், காலில் அடைப்பு வருகிறவர்களில் நிறையப் பேர் சர்க்கரை நோயாளிகள். சிறுநீரகம் கெடுவதும் அவர்களுக்குத்தானே!

சாயமில்லாத வழியை ஜப்பானின் மித்சுவே மியசாகி குழு 2000-இலேயே காட்டியிருந்தது. இதயம் சுருங்கும்போது தமனி ரத்தம் பாய்கிறது. படத்தில் கறுப்பாக விழும். இதயம் விரியும்போது ஓட்டம் தணிகிறது, வெளுப்பாக விழும். சிரையோ இரண்டிலும் வெளுப்பு. ஒரு படத்திலிருந்து மற்றதைக் கழியுங்கள்... சிரை மாயம், தமனி மட்டும் மிச்சம்!

இதைவிட எனக்குப் பிடித்தது 2010-இல் சிகாகோ அருகே ராபர்ட் எடல்மன் குழு வெளியிட்ட 'கிஸ்' முறை. காலைச் சுமார் 3 மில்லிமீட்டர் துண்டு துண்டாகப் பார்க்கிறார்கள். முதலில் அந்தத் துண்டில் இருக்கும் தசை, கொழுப்பு, ரத்தம் எல்லாவற்றின் சமிக்ஞையையும் பலகையைத் துடைப்பதுபோல் அழித்துவிடுகிறார்கள். பிறகு ஏறத்தாழ கால் விநாடி சும்மா இருக்கிறது இயந்திரம்! அந்த இடைவெளியில் இதயம் தள்ளும் புது ரத்தம் உள்ளே பாய்கிறது. சட்டென்று ஒரு கிளிக். கறுப்புக்கு நடுவே தமனி மட்டும் ஒளிர்கிறது. ஒரு துடிப்புக்கு ஒரு துண்டு. இரு கால்களும் முடியப் பத்து நிமிடம் போல ஆகும்.

இன்னொரு ஆச்சரியம்: சி.டி. ஸ்கேனில் குழாய்ச் சுவரின் சுண்ணாம்புப் படிவு பெரிதாக ஒளிர்ந்து, உள்ளே வழி இருக்கிறதா என்பதையே மறைத்துவிடும். இங்கே அந்தத் தொல்லை இல்லை. ஆனால் உலோக ஸ்டென்ட் இருந்தால் அந்த இடம் கறுத்துப்போகும். காலை ஆட்டினாலும் படம் கெடும்.

நடந்தால் கெண்டைக்கால் இழுத்துப் பிடித்து, நின்றால் விட்டுவிடுகிறதா? 'வயசாச்சு' என்று விடாதீர்கள். ஸ்கேனுக்கு முன்னால் கையிலும் கணுக்காலிலும் ரத்த அழுத்தத்தை அளந்து ஒப்பிடச் சொல்லுங்கள். சிறுநீரகக் கோளாறு இருந்தால், ஊசி போடும் முன்பே அதை டாக்டரிடம் சொல்லிவிடுங்கள்!