தரையைத் தேர்ந்தெடுக்க வேண்டியது கால்

டைல்ஸ் கடையில் ஒரு வேடிக்கை உண்டு. காலம் முழுக்கக் காலடியில் கிடக்கப்போகிற பொருளைச் சுவரில் நிமிர்த்தி வைத்து, மேலே பளிச்சென்று விளக்கைப் போட்டுக் காட்டுவார்கள். நாமும் செருப்புக் காலோடு நின்று, "இந்த கலர் நல்லா இருக்கு" என்று அட்வான்ஸ் கொடுத்துவிட்டு வருவோம். வீட்டுக்கு வந்தபின் அந்தத் தரையோடு பழகப்போவது கால்தான். அதை யாரும் கேட்பதில்லை.

நாளைக் காலை எழுந்ததும் ஒரு சோதனை செய்து பாருங்கள். ஒரு காலைக் கால்மிதியில் வையுங்கள், இன்னொன்றைப் பக்கத்திலுள்ள டைல்ஸில். டைல்ஸ் ஜில்லென்று இருக்கும், கால்மிதி வெதுவெதுப்பாக இருக்கும். இரவெல்லாம் ஒரே அறையில் கிடந்த இரண்டின் வெப்பநிலையும் ஒன்றுதான். பிறகு ஏன் கால் இப்படிச் சொல்கிறது?

தோலுக்கடியில் உள்ள நரம்பு நுனிகளுக்குத் தரையின் வெப்பநிலை தெரியாது. தோல் எவ்வளவு சட்டெனக் குளிர்கிறது என்பதுதான் தெரியும். பாதம் 33 டிகிரி, தரை 28 டிகிரி செல்சியஸ் என்று வைத்துக்கொள்வோம். கிரானைட்டில் கால் வைத்த கணம், தோலும் கல்லும் தொடும் இடம் ஏறக்குறைய 29.5 டிகிரிக்கு இறங்கிவிடும். சிமென்ட் தரையில் 30 டிகிரியை ஒட்டி நிற்கும். மரப்பலகையில் 32-க்குப் பக்கத்திலேயே இருக்கும். கல் வெப்பத்தை மரத்தைவிடப் பத்து மடங்குக்கும் மேல் வேகமாகக் கடத்துகிறது. கனமான பொருள் என்பதால் வாங்கிய வெப்பத்தை நிறையவே உள்ளே வைத்துக்கொள்ளவும் செய்கிறது. மே மாத மதியத்தில் வெறுந்தரையில் பாயில்லாமல் படுக்கிற சுகத்தின் கணக்கு இதுதான்.

இதே கணக்கு வெயிலில் தலைகீழாகும். உச்சி வெயிலில் கோயில் பிரகாரத்துக் கல்லில் நடந்தவர்களுக்குத் தெரியும். உடம்பின் சூட்டை வேகமாக வாங்கும் கல், தன் சூட்டையும் அதே வேகத்தில் காலுக்குத் தள்ளும். அதனால்தான் அங்கே தேங்காய் நார் விரிப்பு போடுகிறார்கள், வெள்ளைப் பெயின்ட் அடிக்கிறார்கள். மொட்டைமாடிக்கும் வெயில் விழும் முற்றத்துக்கும் கருப்பு கிரானைட் ஆகாது. ஊட்டிக் குளிரில் மரத்தரை இதம். சென்னைக் கூடத்துக்குக் கல்லும் சிமென்ட்டும் இதம்.

அடுத்தது சமையலறை. மார்பிளும் கடப்பா கல்லும் பெரும்பாலும் கால்சியம் கார்பனேட். எலுமிச்சைச் சாறு ஒரு சொட்டு விழுந்தால் அமிலம் கல்லோடு வினைபுரிந்து கார்பன் டை ஆக்சைடு வெளியேறும். உற்றுப் பார்த்தால் பொடிப்பொடியாக நுரைப்பதுகூடத் தெரியும். துடைத்தபின் அந்த இடம் மங்கிக் கிடக்கும். அது கறையில்லை, கல்லே அரிக்கப்பட்ட தழும்பு. எவ்வளவு தேய்த்தாலும் போகாது, மறுபடி பாலிஷ்தான் போட வேண்டும். புளியும் தக்காளியும் ரசமும் சிந்துகிற நம் அடுக்களைக்கு, குவார்ட்ஸும் ஃபெல்ட்ஸ்பாரும் கலந்த கிரானைட் தோதானது. எலுமிச்சை அதை ஒன்றும் செய்யாது.

செயற்கைத் தரைகளில் இரண்டு பிறப்புகள் உண்டு. ஒன்று நெருப்பில், மற்றொன்று நீரில். விட்ரிஃபைடு டைல்ஸ் சுமார் 1,200 டிகிரிச் சூளையில் வேகிறது. அந்தச் சூட்டில் ஃபெல்ட்ஸ்பார் உருகிக் கண்ணாடியாகி, துகள்களுக்கு நடுவே உள்ள ஓட்டைகளை அடைத்துவிடும். அதனால் தன் எடையில் 0.5 சதவீதத்துக்கு மேல் அது தண்ணீர் குடிக்காது. சுவருக்கென்று செய்கிற டைல்ஸோ 10 சதவீதத்துக்கு மேலும் குடிக்கும். டைல்ஸைத் திருப்பிப் பின்பக்கம் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டால் போதும். உடனே உறிஞ்சினால் அது சுவருக்குத்தான், தரைக்கு வராது.

காரைக்குடிப் பக்கத்து ஆத்தங்குடிக் கல் சூளையையே பார்ப்பதில்லை. ஒரு கண்ணாடித் தகட்டின் மேல் அச்சை வைத்து, வண்ணச் சிமென்ட் குழம்பைக் கையால் ஊற்றுகிறார்கள். அதன் முதுகில் மணலும் சிமென்ட்டும் போட்டு அழுத்தி, பிறகு தண்ணீர்த் தொட்டியில் பல நாள் ஊறவைக்கிறார்கள். சிமென்ட் காய்ந்து இறுகுகிறது என்று நினைக்கிறோம். உண்மையில் அது தண்ணீரைத் தனக்குள் சேர்த்துப் புதிய படிகங்களாக மாறித்தான் இறுகுகிறது. ஊறியபின் தானாகக் கழன்றுவரும் கல்லில், அந்தக் கண்ணாடியின் வழவழப்பு அப்படியே பதிந்திருக்கும். பாலிஷ் இயந்திரத்துக்கு அங்கே வேலையே இல்லை. ஆனால் இதுவும் சிமென்ட்தான். ஆசிட் ஊற்றிக் கழுவினால் பூவும் கொடியும் போய்விடும்.

வழவழப்புக்கு ஒரு விலை உண்டு. ஈரமான தரையில் காலுக்கும் டைல்ஸுக்கும் நடுவே மெல்லிய நீர்ப்படலம் நிற்கும், கால் அதன்மேல் மிதக்கும். மேற்பரப்பு சொரசொரப்பாக இருந்தால் நீர் பள்ளங்களுக்குள் ஒதுங்க, மேடுகள் காலைப் பிடித்துக்கொள்ளும். இதை அளக்கும் முறையே சுவாரசியமானது. எண்ணெய் தடவிய சாய்தளத்தில் காலணி போட்ட ஓர் ஆளை நடக்கவிட்டு, சறுக்கும்வரை சாய்வைக் கூட்டுகிறார்கள். ஆர் 9 என்றால் 6 முதல் 10 டிகிரிச் சாய்வு வரை தாங்கும், ஆர் 11 என்றால் 19 முதல் 27 வரை. வயதானவர்கள் புழங்கும் குளியலறைக்கு எந்த எண் வேண்டும் என்று சொல்லத் தேவையில்லை.

கடைசியாக, இடைவெளி. "ஜாயின்ட் தெரியாம ஒட்டுங்க" என்று மேஸ்திரியிடம் சொல்கிறவர்கள் ஒருநாள் 'டமார்' என்ற சத்தம் கேட்டு எழுந்திருக்கக்கூடும். ஆறு மீட்டர் கூடத்தில் டைல்ஸ் 20 டிகிரி சூடேறினால், மொத்தத்தில் கிட்டத்தட்ட ஒரு மில்லிமீட்டர் நீளும். அடியிலுள்ள கான்கிரீட்டோ வருடக்கணக்கில் மெல்லச் சுருங்கும். ஒதுங்க இடமில்லாத டைல்ஸ் கூரைபோல் முட்டிக்கொண்டு எழும்பும். நடுவே இரண்டு மில்லிமீட்டர் விட்டு ஒட்டியிருந்தால், சுவரோரமும் கொஞ்சம் விட்டிருந்தால் அமைதியாகக் கிடந்திருக்கும்.

ஆகவே அடுத்த முறை கடைக்குப் போகும்போது பையில் ஒரு எலுமிச்சம்பழமும் ஒரு பாட்டில் தண்ணீரும் இருக்கட்டும். பிடித்த சாம்பிளைச் சுவரிலிருந்து இறக்கிக் கீழே வைக்கச் சொல்லுங்கள். கடைக்காரர் ஒருமாதிரி பார்ப்பார். பரவாயில்லை, செருப்பைக் கழற்றிவிட்டு அதன்மேல் ஏறி நில்லுங்கள்.