ஒளியால் எழும் ஒலி: உடலின் உட்புறத்தைக் காண ஒரு முறை

மின்னல் பளிச்சிட்டுச் சிறிது நேரம் கழிந்த பின்னரே இடியோசை கேட்கும் என்பது யாவரும் அறிந்ததே. மின்னல் பாயும் வழியிலுள்ள காற்று கணப்பொழுதில் மிகுந்த வெப்பமடைந்து விரிகிறது. அவ்விரிவே இடியாக ஒலிக்கிறது. மின்னலைக் கண்டதற்கும் இடியைக் கேட்டதற்கும் இடைப்பட்ட வினாடிகளை எண்ணினால் மின்னல் தோன்றிய தொலைவைக் கணக்கிட்டுவிடலாம். மூன்று வினாடிகளுக்கு ஏறக்குறைய ஒரு கிலோமீட்டர் எனக் கொள்வது வழக்கம். இதே கணக்கை மனித உடலினுள் மிகச் சிறிய அளவில் செய்து, இரத்தக் குழாய்களைப் படமாகக் காட்டும் முறை ஒளி-ஒலிப் படமுறை எனப்படும். பெங்களூர் இந்திய விஞ்ஞானக் கழகத்தில் இம்முறை குறித்த ஆராய்ச்சிகள் நடைபெற்று வருகின்றன.

பழைய சோதனை

இதன் அடிப்படை உண்மை புதியதன்று. தொலைபேசியால் புகழ்பெற்ற அலெக்சாண்டர் கிரகாம் பெல், 1880-ஆம் ஆண்டில் சூரிய ஒளிக்கற்றையை விட்டுவிட்டு ஒரு பொருளின்மீது விழச் செய்தார். அப்பொருளினின்று ஒலி எழுந்தது. விளக்குக் கரி போன்ற கரிய பொருள்களில் அவ்வொலி மிகுதியாக இருந்தது. ஒளியை உட்கொண்ட பொருள் வெப்பமுற்று விரிகிறது. ஒளி மறைந்ததும் குளிர்ந்து சுருங்குகிறது. இந்த விரிவும் சுருக்கமும் சூழ்ந்துள்ள காற்றை அதிரச் செய்கின்றன. 1881-இல் இந்நிகழ்ச்சியை வாயுக்களில் ஆராய்ந்தவர்களுள் ரண்ட்கன் என்பவரும் ஒருவர். பதினான்கு ஆண்டுகளுக்குப் பின் எக்ஸ்-கதிர்களைக் கண்டறிந்தவரும் அவரே.

இச்சோதனையைப் பள்ளியிலும் செய்து காட்டலாம். ஒரு கண்ணாடிச் சீசாவின் உட்புறத்தில் ஒரு பாதிக்கு மட்டும் விளக்குக் கரி படியச் செய்து, மூடியில் துளையிட்டு ஒரு ரப்பர்க் குழாயைப் பொருத்த வேண்டும். குழாயின் மறுமுனையைக் காதில் வைத்துக்கொண்டு, கரி படியாத பக்கத்தின் வழியே வலிமையான விளக்கொளியைக் கரியின்மீது செலுத்த வேண்டும். விளக்கிற்கும் சீசாவிற்கும் இடையே, துளைகளிட்ட அட்டை வட்டு ஒன்றை வேகமாகச் சுழற்றினால் மெல்லிய ரீங்காரம் கேட்கும். வட்டின் வேகம் மாறும்போது ஒலியின் சுருதியும் மாறுவதை மாணவர்கள் உணரலாம்.

உடலினுள் நிகழ்வது

திசுக்களினுள் புகும் ஒளி, ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர் ஆழத்திற்குள்ளாகவே பல திசைகளிலும் சிதறிப் போகிறது. ஆதலால் ஒளியை மட்டும் கொண்டு ஆழத்திலுள்ளவற்றைத் தெளிவாகக் காண இயலாது. ஒலியோ திசுக்களில் மிகக் குறைவாகவே சிதறுகிறது. ஆனால் வழக்கமான ஸ்கேன் பரிசோதனையில் உபயோகிக்கப்படும் கேளா ஒலி, நுண்ணிய இரத்தக் குழாய்களைச் சூழ்ந்துள்ள தசையினின்று எளிதில் பிரித்துக் காட்டுவதில்லை. இவ்விரண்டின் குறைகளையும் ஒன்றைக் கொண்டு மற்றொன்று நிறைவு செய்வதே இம்முறையின் சிறப்பு.

ஒரு வினாடியின் நூறு கோடியில் சில பங்கே நீடிக்கும் ஒளித் துடிப்பு தோலின்மீது செலுத்தப்படுகிறது. சிதறிய ஒளியைக் குருதியிலுள்ள ஹீமோகுளோபின் உட்கொள்கிறது. அதனால் உண்டாகும் வெப்ப உயர்வு ஒரு டிகிரியின் மிகச் சிறிய பகுதியே. திசுவுக்கு ஊறு நேருவதில்லை. அந்தச் சிறு வெப்பத்தால் எழும் கேளா ஒலியைத் தோலின்மீது வைத்த உணர்கருவி பெறுகிறது. திசுக்களில் ஒலியின் வேகம் வினாடிக்குச் சுமார் 1,540 மீட்டர். எனவே ஒளி பாய்ந்த பின் பத்து இலட்சத்தில் பத்துப் பங்கு வினாடி கழித்து ஒலி வந்தால், அது எழுந்த இடம் சுமார் 15 மில்லிமீட்டர் ஆழத்தில் உள்ளது எனக் கணினி கண்டுகொள்கிறது. சில சென்டிமீட்டர் ஆழம் வரை இவ்வாறு படம் பெறலாம்.

பிராணவாயு நிறைந்த இரத்தமும் அது குறைந்த இரத்தமும் ஒளியை ஒரே அளவில் உட்கொள்வதில்லை. 750 நானோமீட்டர் ஒளியைப் பின்னதும், 850 நானோமீட்டர் ஒளியை முன்னதும் மிகுதியாக ஏற்கின்றன. இரு ஒளிகளாலும் படமெடுத்து ஒப்பிட்டால், திசுவிற்குப் பிராணவாயு போதிய அளவு கிடைக்கிறதா என்பது விளங்கும். நீரிழிவு நோயாளியின் காற்புண், மூட்டு வீக்கம், மார்பகக் கட்டி ஆகியவற்றை ஆராய இது உதவக்கூடும். மார்பகப் பரிசோதனைக்கான இத்தகைய கருவி ஒன்றிற்கு அமெரிக்காவில் 2021-இல் அரசின் ஒப்புதல் கிடைத்தது.

பெங்களூரின் பங்கு

ஒளிக்கும் ஒலிக்கும் உள்ள தொடர்பை ஆராய்வது பெங்களூருக்குப் புதிதன்று. 1933-இல் இந்திய விஞ்ஞானக் கழகத்தின் இயக்குநராகப் பொறுப்பேற்ற சர் சி. வி. இராமன், நாகேந்திர நாத்துடன் சேர்ந்து, திரவத்தினுள் செல்லும் கேளா ஒலியலைகள் ஒளியை எவ்வாறு விலகச் செய்கின்றன என்பதற்கான கோட்பாட்டை 1935-36-இல் வெளியிட்டார். அங்கே ஒலி ஒளியை மாற்றியது. இங்கே ஒளி ஒலியைத் தோற்றுவிக்கிறது.

இன்று அக்கழகத்தில் பனீந்திர யலவர்த்தியின் குழுவினர், குறைந்த அளவு ஒலிக்குறிப்புகளிலிருந்தும் தெளிவான படத்தைக் கணித்தெடுக்கும் முறைகளை ஆராய்ந்துள்ளனர். உணர்கருவிகளின் எண்ணிக்கை குறைந்தால் சாதனத்தின் விலையும் குறையுமன்றோ? கருவியியல் மற்றும் பயன்முறைப் பௌதிகத் துறையில் ஜெய பிரகாஷின் குழுவினர், ஊசியால் குத்தாமல் குளுக்கோஸை அளக்கும் ஒளி-ஒலி முறையொன்றை 2025-இல் அறிவித்தனர். முனைவாக்கப்பட்ட ஒளியின் தளத்தைக் குளுக்கோஸ் திருப்புவதால், எழும் ஒலியின் வலிமை மாறுகிறது. அம்மாற்றமே குளுக்கோஸின் அளவைக் காட்டுகிறது. எனினும் இதற்குத் தேவையான லேசர் பெரியதாகவும் விலையுயர்ந்ததாகவும் இருப்பதே தடையாக உள்ளது.

விலையும் எடையும்

இத்தடையை நீக்க, லேசருக்குப் பதிலாக எல்.இ.டி. விளக்குகளை அமைக்கும் முயற்சி உலகில் பல இடங்களிலும் நடைபெறுகிறது. அவற்றின் துடிப்பு ஒவ்வொன்றிலும் உள்ள ஆற்றல், பெரிய லேசரில் இருப்பதில் ஏறக்குறைய நூறில் ஒரு பங்கே. ஆயினும் வினாடிக்கு 4,000 துடிப்புகளை அவற்றால் வெளியிட முடியும். 400 துடிப்புகளின் சராசரியை எடுத்தால் வேண்டாத இரைச்சல் இருபதில் ஒரு பங்காகக் குறையும். அப்போதும் வினாடிக்குப் பத்துப் படங்கள் கிட்டும். ஆழமும் தெளிவும் சற்றுக் குறைந்தாலும், கையில் எடுத்துச் செல்லும் சாதனத்திற்கு இதுவே வழி.

சாதனம் நோயாளியைத் தேடிச் சென்றால் விளையும் நன்மைக்குக் கர்நாடகத்திலேயே சான்று உண்டு. குறைமாதத்தில் பிறந்த குழந்தைகளுக்கு விழித்திரை நோய் கண்டு, உரிய நாட்களுக்குள் சிகிச்சை கிட்டாவிடில் பார்வை அறவே போகக்கூடும். பெங்களூர் நாராயண நேத்ராலயாவில் டாக்டர் ஆனந்த் வினேகர் 2008-இல் தொடங்கிய 'கிட்ராப்' திட்டத்தில், பயிற்சி பெற்ற பணியாளர்கள் மாவட்ட மருத்துவமனைகளுக்குப் படக்கருவியுடன் சென்று விழித்திரையைப் படமெடுத்தனர். படங்களைத் தொலைவிலிருந்தே நிபுணர்கள் ஆராய்ந்தனர். இதில் பயன்பட்டது ஒளி மட்டுமே. ஆயினும் ஒளி-ஒலிச் சாதனமும் பின்பற்றத்தக்க வழி இதுவேயாகும்.

கவனிக்க வேண்டியவை

முதலாவதாக, தோலிலுள்ள மெலனின் என்னும் நிறப்பொருளும் ஒளியை உட்கொள்கிறது. கருநிறத் தோலில் ஆழத்திற்குச் செல்லும் ஒளி குறைகிறது. பிராணவாயுக் கணக்கும் பிழைபடலாம். விரலில் பொருத்தும் பிராணவாயு அளவி, கருநிறத்தவரிடம் உண்மையைவிட மிகுதியாகக் காட்டியதை 2020-இல் அமெரிக்க மருத்துவர்கள் எடுத்துரைத்தனர். ஆகவே வேற்று நாட்டாரிடம் சோதித்த சாதனத்தை நம் மக்களிடமும் சோதித்துத் திருத்திய பின்னரே நம்புதல் வேண்டும்.

இரண்டாவதாக, கருவிலுள்ள சிசுவின் பாலினத்தைக் கண்டறிய வல்ல எந்தப் படக்கருவியையும் பதிவு பெறாதவருக்கு விற்றல் சட்ட விரோதம். பெண் சிசுக்களைக் காக்க 1994-இல் இயற்றப்பட்ட சட்டம் இவ்வாறு கட்டுப்படுத்துகிறது. ஒளி-ஒலிச் சாதனங்கள் பல, சாதாரண ஸ்கேன் படத்தையும் உடன் எடுப்பவை. எளிதில் எடுத்துச் செல்லும் வசதியே தவறான உபயோகத்திற்கும் இடந்தரும் என்பதைக் கிராமப் பணியாளர்கள் நினைவிற் கொள்ள வேண்டும்.

மூன்றாவதாக, படம் நோயைத் தீர்ப்பதில்லை. படத்தில் ஐயம் தோன்றியவரை உரிய காலத்தில் மருத்துவரிடம் சேர்ப்பதும், ஐயம் தோன்றாவிடினும் நோய்க்குறி உள்ளவரை விட்டுவிடாமலிருப்பதும் மனிதரின் பொறுப்பே. அப்பொறுப்பை ஏற்கும் பணியாளர் உள்ள ஊரில்தான் மலிவான சாதனம் உண்மையில் மலிவானதாகும்.