ஆச்சியின் சிட்டை
(கரிசல் வீடுகள் – 9)

போன வாரம் தாத்தா கட்டிய வீட்டைப் பற்றி எழுதியிருந்தேன். பத்திரிகை ஊருக்குப் போய்ச் சேர்ந்த அன்றே அத்தையிடமிருந்து போன். "வீட்டை யாரு கட்டுனதுன்னு எழுதியிருக்கே?" என்றாள். பதில் சொல்வதற்குள் வைத்துவிட்டாள். அதனால் இந்த வாரம் ஆச்சி.

கோவில்பட்டியில் எங்கள் தெருவில் அப்போது தீப்பெட்டி ஒட்டாத வீடு கிடையாது. 1920களில் சிவகாசியிலிருந்து அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா போய்த் தொழில் கற்று வந்த கதை எல்லோருக்கும் தெரியும். சாத்தூர், கோவில்பட்டி என்று அது பரவியதற்கு வானமும் ஒரு காரணம். மானாவாரிக் காடு. மழை பொய்த்தால் பிழைப்பு இல்லை. ஆனால் அதே வெயிலில் பெட்டியும் மருந்தும் நன்றாகக் காயும்.

தீப்பெட்டி ஆபீஸிலிருந்து மரச்சீவலும் காகிதமும் கட்டுக்கட்டாக வீட்டுக்கு வரும். ஆச்சி ஒரு காலை நீட்டி, ஒரு காலை மடக்கி, மடியில் பலகையை வைத்துக்கொள்வாள். பக்கத்தில் சிரட்டையில் பசை. பூச்சி அரிக்காமலிருக்க அதில் மயில்துத்தம் கலந்திருக்கும்; அந்த நீலம் அவள் நகக்கண்ணை விட்டு ஒருநாளும் போனதில்லை. காகிதத்தில் ஒரு விரலால் பசையை இழுத்து, சீவலை அதன்மேல் வைத்து மடக்கி, ஓரத்தைக் கட்டைவிரலால் ஓர் அழுத்து. பெட்டி முடிந்தது. கண் பெட்டியில் இருக்காது. அடுப்பில் கொதிக்கிற உலையில் இருக்கும், தெருவில் போகிறவர்கள்மேல் இருக்கும், வீட்டுப்பாடம் எழுதாமல் ஏமாற்றுகிற என்மேல் இருக்கும்.

ஒட்டியதை முற்றத்தில் பரப்பிவிட்டால் வானத்தையும் பார்க்க வேண்டும். ஊரே மழைக்கு ஏங்குகிற பூமியில், "வரட்டும், வேண்டாங்கல. பெட்டி காஞ்ச பெறவு வரட்டும்" என்று வானத்தோடு பேரம் பேசியவள் எங்கள் ஆச்சி.

கணக்கு குரோஸில். ஒரு குரோஸுக்கு 144 பெட்டி. ஆச்சி நாளைக்கு நாலு குரோஸ் ஒட்டுவாள், 576 பெட்டி. இதற்கு வீட்டில் பெயர், "சும்மா இருக்கிற நேரத்துல ஒட்டுறது". தாத்தாவுக்குக் காட்டில் வருமானம் வந்தால் அது வருமானம். ஆச்சிக்கு வந்தது 'பெட்டிக்காசு'. அரிசிக்கடை பாக்கி, அப்பாவின் காலேஜ் பீஸ், சுவர் எழும்பியபோது கொத்தனாருக்குச் சனிக்கிழமைக் கூலி எல்லாம் அதிலிருந்துதான் போனது. போன வாரம் நான் எழுதியதில் இது ஒரு வரிகூட இல்லை. அத்தை கோபப்பட்டது நியாயம்தான்.

பேரன் என்று என்மேல் ஆச்சிக்குத் தனிப் பிரியம். பசையைத் தொட விடமாட்டாள். "நீ படி. இந்தச் சனியன் என்னோட போகட்டும்" என்பாள். முந்தியில் முடிந்துவைத்த காசு எனக்குக் கடலைமிட்டாயாக மாறும். அத்தை ஊருக்கு வந்திருக்கும் நாட்களில் இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருப்பாள். ஒன்றும் சொல்லமாட்டாள்.

2002ல் அத்தை மகள் பிளஸ் டூ முடித்தாள். ஆச்சி தன் பாம்படத்தைக் கழற்றி, காலேஜ் செலவுக்கென்று அத்தை கையில் கொடுத்தாள். என் படிப்புக்கோ என் தம்பி படிப்புக்கோ அந்தப் பாம்படம் காதை விட்டு இறங்கியதில்லை. ஏன் என்று அன்றைக்கு யாரும் கேட்கவில்லை. எனக்கும் தோன்றவில்லை.

14 வருஷம் ஒரு ரூபாயிலேயே நின்ற தீப்பெட்டி 2021 டிசம்பரில் இரண்டு ரூபாயானது. ஆச்சி இருந்திருந்தால், "குரோஸுக்கு எவ்வளவு ஏத்துனானாம்?" என்றுதான் கேட்டிருப்பாள்.

போன ஞாயிற்றுக்கிழமை அத்தை வீட்டுக்குப் போனேன். காப்பி கொடுத்தாள். உள்ளே போய் ஒரு மஞ்சள் பையை எடுத்து வந்தாள். பையில் ஆச்சியின் பழைய சிட்டைகள். ஆச்சிக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஆபீஸ் கணக்கர் எழுதிக் கொடுத்தவை. தேதி, குரோஸ், கூலி. பழுப்பேறி, மடித்த இடமெல்லாம் கிழிந்திருந்தது.

"பாரு" என்றாள்.

நாலு, நாலு, நாலு என்று போகிறது. மே மாதம் வந்தால் ஆறாகிறது. ஜூனில் மறுபடியும் நாலு. அடுத்த வருஷமும் அப்படியே.

"மே மாசம் ஏன் கூடுது அத்தை?"

"பள்ளிக்கூட லீவு. நானும் உக்காந்து ஒட்டுவேன்."

பக்கம் புரட்டினேன். 1974. மே மாதம் ஆறு. ஜூன் மாதம் ஆறு. ஜூலை ஏழு. அப்புறம் அது இறங்கவே இல்லை. அந்த வருஷம்தான் அப்பா காலேஜில் சேர்ந்தது. அத்தைக்கு அப்போது வயது பத்து.

நான் தலைநிமிரவில்லை. அத்தை சிட்டைகளை ஒவ்வொன்றாக வாங்கி, விளிம்பு பிசகாமல் அடுக்கிப் பைக்குள் வைத்தாள்.

"சோறு வடிச்சிருக்கேன். சாப்பிட்டுட்டுப் போ" என்றாள்.

(தொடரும்)